உட்கார்ந்தால் நின்றுவிடும் வண்டி

மைத்துனன் கடையை விட்டுப் போனது ஒரு புதன்கிழமை. மழை வரும் வரும் என்று போக்குக் காட்டிவிட்டு, கடைசிவரை வராமலே ஏமாற்றிய நாள். தன் ஸ்க்ரூடிரைவர்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டான். கடைச் சாவியை ஆணியில் மாட்டினான். போயிட்டு வரேன் என்று சொல்லாமலே படியிறங்கினான்.

மீட்டர்க்காரர் தலையைத் தூக்கவில்லை. அவன் தெருமுனை திரும்பிய பிறகு மெதுவாக எழுந்தார். ஆணியில் தொங்கியது கடைச் சாவிதானா என்று பூட்டில் போட்டுத் திருப்பிப் பார்த்தார். திரும்பியது. அப்படியும் மனசு ஆறவில்லை. 'வேற சாவி ஒண்ணு செஞ்சு வெச்சிருப்பானோ?'

அவர் அப்படித்தான். நடக்க முடியாதவர்கள் ஓட்டிப் போகும் நாலு சக்கர பேட்டரி ஸ்கூட்டர்களைப் பழுது பார்ப்பது தொழில். கரண்டை அளக்கும் மல்டிமீட்டர் கையோடு பிறந்தது போல ஒட்டிக்கொண்டிருக்கும். டார்ச் செல் வாங்கினால்கூட, கடைக்காரர் கண்ணெதிரிலேயே சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் வைத்துப் பார்த்த பிறகுதான் பையில் போடுவார். மனைவி "கரண்ட் போயிடுச்சு" என்றால், இருட்டில் தட்டுத் தடுமாறிப் போய் ப்ளக்கில் மீட்டரைச் செருகிவிட்டு, "ஆமா, போயிடுச்சு" என்பார். அந்தப் பட்டப்பெயரைத் தெரு சும்மா வைக்கவில்லை.

அன்றைய சண்டைக்குக் காரணம் டீச்சரின் வண்டி. டீச்சர் ஓய்வு பெற்றவர், முழங்கால் இரண்டும் ஒத்துழைக்காதவர். போன வாரம்தான் வண்டிக்கு மைத்துனன் கையால் புது பேட்டரி போட்டிருந்தது. புது பேட்டரியோடு போனவர், நடுரோட்டில் பஸ்ஸுக்கு முன்னால் நின்றுபோனார். இந்த வண்டிகளுக்கு ஒரு குணம்: கரண்ட் நின்றால் பிரேக் தானாகக் கவ்விக்கொள்ளும், தள்ளினாலும் நகராது. பஸ்காரர் ஹாரனிலேயே திட்டித் தீர்த்தாராம்.

டீச்சர் வந்து புலம்பியதும் மீட்டர்க்காரர் மைத்துனன் பக்கம் திரும்பினார்.

"பழைய பேட்டரிக்கே புது ஸ்டிக்கர் ஒட்டிட்டு, புதுச வெளிய தள்ளிட்டியாடா?"

டீச்சர் வாயைப் பிளந்தார். வாசலில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

"அத்தான், ஏறி உக்காந்து ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க. அப்புறம் பேசுவோம்."

"அது அடுத்தவங்க காலுடா! அதுமேல ஏறி உக்காரச் சொல்றியா?"

அதுதான் அவருடைய சட்டம். வாடிக்கையாளர் வண்டியில் உட்காரமாட்டார். மரக்கட்டைமேல் வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை அந்தரத்தில் சுழலவிட்டு, மீட்டரை வைத்துப் பார்ப்பார். மைத்துனனோ ஏறி உட்கார்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டே தெருவைச் சுற்றி வருவான். வருஷக்கணக்காக அதற்கு வசவு வாங்கியவன், அன்று வாங்கிய வசவைச் சுமக்க முடியாமல் போய்விட்டான்.

அவன் போனதும் வண்டி கட்டைமேல் ஏறியது. பேட்டரியை அளந்தார். தங்கம்! மோட்டாரை ஓடவிட்டு மறுபடி அளந்தார். துளி இறங்கவில்லை. புது பேட்டரியேதான். வேறு யாராக இருந்தாலும் அங்கே வெட்கப்பட்டிருப்பார்கள். இவருக்குச் சந்தேகம் ஒரு படி மேலே ஏறியது. 'மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சதும் நான் அசந்த நேரமாப் பாத்து திரும்ப மாத்தி வெச்சுட்டான்.'

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியைப் பார்த்தார். சார்ஜர் சொருகும் துளையைப் பார்த்தார். எல்லாமே யோக்கியமாக இருந்தன.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டு 'டங்'கென்று வந்து விழுந்தது.

"என் தம்பி திருடன்னா அவன வளத்த நானும் திருடிதானே," என்றாள் மனைவி. "எங்க, என் மேலயும் மீட்டர வெச்சுப் பாருங்களேன்."

வண்டியைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாளே டீச்சரிடமிருந்து போன். "நீங்க பாத்தா ஓடுது, நான் உக்காந்தா உயிர விட்டுடுது. என்னக் கண்டா அதுக்கு அவ்வளவு பயமா?"

இப்போது சந்தேகம் டீச்சர் மேலேயே பாய்ந்தது. கிழவி எதையோ தப்பாக அமுக்குகிறாள். கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று, டீச்சர் வண்டியில் கிளம்பும் நேரம் பார்த்து, நிறுத்தியிருந்த வேன்களுக்குப் பின்னால் பதுங்கிப் பதுங்கித் தொடர்ந்தார். வேகத்தடை வந்தது. வண்டி ஏறி இறங்கியது. டீச்சரின் உடம்பு சீட்டிலிருந்து லேசாக எழும்பித் தொப்பென்று விழுந்தது. வண்டி நின்றது, பின்விளக்கு அணைந்தது. 'என்னாச்சு' என்று டீச்சர் முன்னால் குனிந்தார். விளக்கு எரிந்தது! சாய்ந்து உட்கார்ந்தார். அணைந்தது.

டீச்சர் எதையும் அமுக்கவில்லை.

வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்தார். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ஷட்டரைப் பாதி இறக்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு, அத்தனை வருஷத்தில் முதல் முறையாக, அடுத்தவர் வண்டியில் உட்கார்ந்தார். வண்டி செத்தது. எழுந்தார். 'பீப்' என்றது. உட்கார்ந்தார். செத்தது.

சீட்டைக் கழற்றி, மூடியைத் திறந்தார். சீட்டைத் தாங்கும் குழாயின் அடிவிளிம்பு, பேட்டரியிலிருந்து வரும் சிவப்பு வயரின்மேல் பல் பதித்திருந்தது. தோல் கிழிந்து, உள்ளே ஒன்றிரண்டு செம்பு இழைகள் மட்டும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன. எடை விழுந்தால் அவையும் விலகும். எடை எழுந்தால் தொட்டுக்கொள்ளும். அந்தரத்தில் சக்கரம் சுழற்றிப் பார்ப்பவருக்கு ஜென்மத்துக்கும் தெரியாது.

அந்தக் குழாய் ஏன் அவ்வளவு கீழே வந்தது? பேட்டரி போட்ட அன்று வண்டியை எடுக்க வந்த டீச்சர், கால் சரியாக எட்டவில்லை என்றார். மைத்துனன் சாப்பிடப் போயிருந்தான். லாக் பின்னை உருவி, சீட்டை ஒரு துளை கீழே இறக்கி, மறுபடி சொருகியது யார் கை என்று கேட்க, அன்று அந்தக் கடையில் அவரைத் தவிர வேறு ஆள் இல்லை.

 மீட்டர்க்காரர் போனை எடுத்து மைத்துனனைக் கூப்பிட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. வயரையும் குழாயையும் சேர்த்துப் படம் பிடித்தார். கீழே 'தப்பு' என்று தட்டினார், அழித்தார். வெறும் படத்தை மட்டும் வாட்ஸப்பில் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் இரண்டு டிக்கும் நீலமாயின. பதில் இல்லை.

புது வயர் போட்டு, குழாய் தொடாதபடி ஓரமாகக் கொண்டுபோய்க் கட்டினார்.

"என்ன கோளாறு?" என்றார் டீச்சர்.

"லூஸ் கனெக்‌ஷன்."

"அந்தத் திருட்டுப் பையன் செஞ்ச வேலதானே?"

மீட்டர்க்காரர் கை துடைக்கும் துணியைத் தேடினார். அது அவர் தோள்மேலேயே கிடந்தது. "இனிமே நிக்காது டீச்சர். தைரியமா போங்க."

வீட்டில் மனைவி கேட்டாள். "கண்டுபிடிச்சீங்களா?"

"ம்."

"யாரு?"

"வயரு."

"வயரு தானா போய் மாட்டிக்கிச்சா?"

அவர் தண்ணீர் குடித்தார். அவள் மேலே கேட்கவில்லை. கேட்காததே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

அதற்குப் பிறகு எந்த வண்டி வந்தாலும், மீட்டரை எடுக்கும் முன்னால் ஏறி உட்கார்ந்து தெருவைச் சுற்றி வந்தார். "மீட்டருக்கே ரிப்பேரா?" என்று எதிர்வரிசை டெய்லர் சிரித்தார். டீச்சரும் வாரம் தவறாமல் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "அவன் திரும்பி வந்தானா? உள்ள விடாதீங்க" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார். தெருவும் அதையேதான் சொன்னது. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் வாயைத் திறப்பார். அதற்குள் வண்டி நகர்ந்துவிடும். எங்கேயும் நிற்காமல், அழகாக.

இரண்டு மழைக்காலம் போனது. ஒரு மத்தியானம், யாருடைய வண்டியிலோ உட்கார்ந்து தெருமுனையில் திரும்பும்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மைத்துனன் பெயர். வேறு யாராவது அவன் நம்பரை வைத்திருப்பார்களோ என்றுதான் முதலில் நினைத்தார். ஓரமாக நிறுத்திப் படித்தார்.

"அத்தான், நீங்க அனுப்புன படத்த இன்னைக்குத்தான் பெருசு பண்ணிப் பாத்தேன். லாக் பின் கீழ்த் துளைல இருக்கு. நான் பேட்டரி மாட்டினப்ப மேல் துளைல இருந்துச்சு. டீச்சர்கிட்ட சொல்லிட்டீங்களா?"