மாமா பார்த்த மரம்

அப்பாவுக்குக் குவைத்தில் வேலை. நானும் அங்கேதான் படித்தேன். நான்காம் வகுப்பில் இருந்தபோது நீண்ட விடுமுறைக்குக் கள்ளக்குறிச்சி வந்திருந்தேன். அம்மாவின் தம்பி, என் மாமா, கடுக்காய் வாங்கக் கல்வராயன் மலைக்குப் போகும்போது என்னையும் அழைத்துப் போனார். மாமாவுக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

கரியாலூரைத் தாண்டி ஒரு வீடு. அதில் ஒரு பெரியவரும் அவர் மகளும் இருந்தார்கள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் திரும்பி வந்துவிட்டவள். அக்கா என்று கூப்பிட்டேன். அன்று சாயங்காலமே திரும்புவதாகத்தான் ஏற்பாடு. அதற்குள் கீழே இட ஒதுக்கீடு கேட்டு மறியல் ஆரம்பித்துவிட்டது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளிவிட்டார்கள், பஸ் கிடையாது என்று செய்தி வந்தது.

தங்கிவிட்டோம். நாங்கள் முஸ்லிம்கள் என்பதால், கோழியை மாமாவே அறுக்கட்டும் என்று பெரியவர் கத்தியைக் கொடுத்தார். அக்கா சாமைச் சோறு ஆக்கினாள். குவைத்தில் மழை எப்படிப் பெய்யும் என்று என்னைக் கேட்டாள். பெய்வதே அபூர்வம் என்றேன். நம்பாமல் மாமாவைக் கேட்டாள். மாமா குவைத்தைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் வெகுநேரம் பதில் சொன்னார்.

தினமும் காலையில் மாமா மட்டும் பாதை பார்க்க இறங்கிப் போவார். திரும்பி வந்து, "மரம் இன்னும் அப்டியேதான் கெடக்குது" என்பார். எனக்குப் பள்ளிக்கூடம் திறக்கும் கவலை. அக்கா ஒன்றும் கேட்க மாட்டாள். உலையில் இன்னும் ஒரு பிடி அரிசி போடுவாள்.

ஒருநாள் பெரியவர் உப்பு வாங்கக் கீழே போய்வந்தார். பையை இறக்கிவைத்துவிட்டு, மாமாவைப் பார்க்காமலே சொன்னார்: "முந்தாநாளே மரத்த ஓரமா இழுத்துப் போட்டுட்டாங்களாம். பஸ்ஸு ஓடிக்கினுதான் இருக்குதுங்க."

அக்கா எழுந்து ஆட்டுப்பட்டிப் பக்கம் போனாள்.

"கெளம்புங்க பாய். புள்ளய வூட்ல தேடுவாங்க" என்றார் பெரியவர். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வரும் இடம்வரை தானே கூட நடந்து வந்து ஏற்றிவிட்டார். வழியனுப்ப அக்கா வரவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், மாமாவுக்குக் கண் சரியில்லை, இல்லாத மரமெல்லாம் தெரிகிறது, கண்ணாடி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றேன். அம்மா சிரிக்கவில்லை.

"எந்த வூடு? அங்க யாரெல்லாம் இருந்தாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

கண்ணாடி வாங்கவில்லை. நான் விமானம் ஏறுவதற்குள் திருக்கோவிலூரில் மாமாவுக்குப் பெண் பேசி முடித்துவிட்டார்கள். கண் தெரியாத மனிதருக்கு எதற்கு இவ்வளவு அவசரமாகக் கல்யாணம் என்று, குவைத் போய்ச் சேரும்வரை யோசித்துக்கொண்டே இருந்தேன்.