அட்வகேட் ஜெனரல் வராத வழக்கு

தமிழரசியின் வாய்க்கு யாரும் ஈடுகொடுக்க முடியாது என்று மராத்தி ஊரான கட்கியில் அவள் உறவுக்காரர்களே சொல்வார்கள். வேலூர்ப் பக்கத்திலிருந்து வெடிமருந்து ஆலை வேலைக்கு வந்தவர் அவள் அப்பா. ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள லைன் வீடுகளில் பிறந்தாள், அதே வரிசையில் வாழ்க்கைப்பட்டாள். கணவர் இறந்த பிறகு பிம்ப்ரியில் ஒரு மருந்துக் கம்பெனியில் பாட்டில் சரிபார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். ரேஷன் கடையில் எடை குறைந்தாலும், பஸ்ஸில் நடத்துநர் முறைத்தாலும், மராத்தியில் ஆரம்பித்து இந்தியில் உச்சத்துக்குப் போய்த் தமிழில் முடிப்பாள்.

லைன் வீடுகளிலிருந்து ஸ்டேஷனுக்குப் போக ஒரு சந்து உண்டு. அவள் அப்பா காலத்துக்கு முன்பிருந்தே ஊர் முழுக்க நடந்த வழி. பக்கத்தில் அடுக்குமாடி கட்டிய கம்பெனி, ஒரு மழைக்காலத்தில் அந்தச் சந்தின் வாயில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டியது. அன்றிலிருந்து எல்லாரும் லாரி ஓடும் மெயின் ரோட்டைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. தமிழரசியின் நாத்தனார் மரியம்மாளை அங்கேதான் டெம்போ இடித்தது. இடுப்பெலும்பு கூடிவிட்டது, ஆனால் கையில் கம்பு நிரந்தரமாகிவிட்டது.

தமிழரசி நேராகக் கம்பெனி மேனேஜர் மாதவிடம் போனாள். அவன் நாற்காலியிலிருந்து அசையவில்லை.

"அது பொது வழின்னா அரசாங்கம் வந்து கேட்கட்டும். நீ யாரு, அட்வகேட் ஜெனரலா?" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அப்படி ஒரு பதவி இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். தெரியாத பேரைச் சொல்லித் தன்னைப் பார்த்து ஒருத்தன் சிரித்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே சிவாஜிநகர் கோர்ட்டுக்குப் போய், சுஷ்மா என்ற வக்கீலைப் பிடித்து, "அட்வகேட் ஜெனரல்னா யாரு? அவர் என்ன செய்வார்?" என்று கேட்டாள்.

சுஷ்மா பொறுமையாகச் சொன்னாள். மாநில அரசின் முதல் வக்கீல் அவர். கவர்னர் நியமிப்பார்; ஹைகோர்ட் நீதிபதி ஆகும் தகுதி இருக்க வேண்டும்; பதவிக்கு இத்தனை வருஷம் என்று கணக்குக் கிடையாது. சட்டசபையில் எழுந்து பேசலாம், ஓட்டுப் போட முடியாது. பம்பாயில் வெள்ளைக்காரக் கம்பெனி ஆட்சிக் காலத்திலிருந்தே அந்தப் பதவி இருக்கிறது. ஊருக்கே பொதுவாக ஒரு தொல்லை என்றால் ஊர் சார்பில் வழக்குப் போட வேண்டியவர் அவர்தான். முன்பெல்லாம் சாதாரண ஜனம் அப்படி வழக்குப் போட வேண்டுமானால் அவர் எழுதிக் கொடுத்த சம்மதம் வேண்டும்.

"இப்ப?"

"எழுபத்தாறில் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். அவரும் போடலாம். இல்லையென்றால் கோர்ட் அனுமதியோடு யாராவது இரண்டு பேர் சேர்ந்து போடலாம். தனக்கென்று தனி நஷ்டம் காட்ட வேண்டியதில்லை."

தமிழரசிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ரெண்டே பேரா?"

அந்த இரண்டாவது ஆள்தான் கிடைக்கவில்லை. ஒருவருக்குப் பையனின் வேலை பயம், இன்னொருவருக்கு வீடு காலி பண்ணச் சொல்வார்களோ என்ற பயம். இதற்குள் மாதவ் ஆள் அனுப்பினான்: தமிழரசிக்கு மட்டும் கேட்டைத் திறந்துவிட ஒரு பாஸ் கொடுத்தனுப்பியிருந்தான். அவள் அதை வந்தவன் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகினாள்.

"எனக்கு ஒருத்திக்கு வழி எதுக்குடா? நான் என்ன ராணியா?"

அன்று சாயங்காலம் மரியம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினாள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போய் வெகுகாலம். தமிழரசி தன் மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் போனில் கூப்பிட்டாள் என்று மரியம்மாளுக்குக் கோபம்.

"என்ன அண்ணி, வழி தவறி வந்துட்டீங்களா?"

"வழியை அடைச்சுட்டாங்களே, அதான் வந்தேன். கோர்ட்டுல கேஸ் போடணும். ரெண்டு பேர் வேணும்."

"நமக்குள்ளதான் பேச்சே இல்லையே."

"பேசவே வேணாம். கையெழுத்துப் போடு, போதும்."

மரியம்மாள் கம்பை ஊன்றி ஓரமாக நகர்ந்து உள்ளே வழிவிட்டாள். பிறகு, "பேனா கொண்டாந்தீங்களா, இல்ல அதையும் நான்தான் தேடணுமா?" என்றாள்.

அனுமதி கேட்ட மனு விசாரணைக்கு வந்த நாளில், கம்பெனி வக்கீல் எழுந்து அடுக்கினார்: உண்மையிலேயே பொதுமக்களுக்குத் தொல்லை என்றால் அட்வகேட் ஜெனரல் அல்லவா வந்திருக்க வேண்டும்? இந்த இரண்டு பெண்களுக்கும் எங்கள் மேல் ஏதோ சொந்தக் காய்ச்சல். சுஷ்மா சட்டத்தைப் படித்துக் காட்டினாள். நீதிபதி மனுதாரர்கள் பக்கம் திரும்பி, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

தமிழரசி எழுந்தாள். குரல் கணீரென்று வந்தது. "சாகேப், அட்வகேட் ஜெனரல் பெரிய மனுஷர், அவருக்கு மாநிலம் முழுக்க வேலை. தினம் அந்தச் சந்துல நடக்கிறது நாங்க. நடக்கிறவங்க கேட்கக் கூடாதுன்னு சட்டம் சொன்னா உட்கார்ந்துடறேன்."

அனுமதி கிடைத்தது. அடுத்த சில வாரங்களில், வழக்கு முடியும்வரை நடந்து போகிறவர்களுக்குக் கேட்டைத் திறந்து வைக்க வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. திறந்த அன்று காவலாளி, உள்ளே வருகிறவர்கள் பேரும் போன் நம்பரும் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒரு ரிஜிஸ்டரை நீட்டினான். தமிழரசிக்குப் பின்னால் லைன் வீட்டுப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். வழக்குக்கு வரப் பயந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

"கோர்ட்டு இப்படி எழுதச் சொல்லுச்சா? அந்தக் காகிதத்தைக் காட்டு," என்றாள்.

அவன் மேனேஜருக்குப் போன் போட்டான். போனை யாரும் எடுக்கவில்லை. அவள் காத்திருக்கவில்லை, ரிஜிஸ்டரை ஒதுக்கிவிட்டு உள்ளே நடந்தாள். மற்றவர்களும் கூடவே நடந்தார்கள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. கம்பெனி பெரிய வக்கீலை வைத்திருக்கிறது. வாய்தா நாளில் தமிழரசியும் மரியம்மாளும் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் போகிறார்கள். சிவாஜிநகர் வரும்வரை அந்தக் கல்யாண அழைப்பைப் பற்றித்தான் சண்டை. இறங்கும்போது மட்டும் தமிழரசி நாத்தனாரின் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறாள்.