அழித்த கோப்பு அடியில் இருந்தது

நம்மிடம் மொத்தம் எத்தனை கொன்டெய்னர் இமேஜ்கள் இருக்கின்றன என்று போன செவ்வாய்க்கிழமை காலை ஜெசிந்தா கேட்டார். பன்னிரண்டு என்றேன். யோசிக்கவே இல்லை.

வேலணையில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் மூன்று பேர் மென்பொருள் செய்கிறோம். ஜெசிந்தா ஊர்காவற்றுறையிலிருந்து பஸ்ஸில் வருபவர். சேர்ந்து இரண்டு மாதம்தான். பாதுகாப்பு அவர் பொறுப்பு.

கொன்டெய்னர் இமேஜ் என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ஒரு மென்பொருளையும் அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய பொதி — அவ்வளவுதான். அந்தப் பொதிகளை இணையத்தில் எங்களுக்கென்றே ஒரு களஞ்சியத்தில் பூட்டி வைத்திருக்கிறோம். பூட்டுத்தான் இருக்கிறதே... பிறகென்ன பயம்?

ஜெசிந்தா அந்தக் களஞ்சியத்துக்குள், பொதிகளைச் சோதிக்கும் ஸ்கேனர் மென்பொருள் ஒன்றை அனுப்பினார். முதலில் அது உள்ளே இருப்பவற்றைப் பட்டியல் எடுத்தது. எண்பத்தேழு பொதிகள்! பாதியை நான் மறந்தே போயிருந்தேன். பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கியது. தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டது.

ஜெசிந்தா திரையை என் பக்கம் திருப்பினார்.

"அண்ணை, இதுக்குள்ள ஒரு பாஸ்வேர்ட் கிடக்கு. கட்டினது நீங்கள் எண்டு காட்டுது."

மூன்று வருடத்துக்கு முந்திய பொதி. ஒரு கிளினிக்குக்காகச் செய்தது. நெடுந்தீவிலிருந்து படகேறி வருகிறவர்கள் டொக்டர் இல்லாத நாளில் வந்து ஏமாறாமல், முன்கூட்டியே பதிவு செய்ய ஒரு வசதி. யாருக்கு என்ன நோய், என்ன மருந்து — எல்லாம் அதில் இருக்கிறது. அந்தத் தகவல்களைத் திறக்கும் பாஸ்வேர்ட்தான் அது.

"அந்த ஃபைலை நான் அப்பவே அழிச்சனான்," என்றேன்.

ஜெசிந்தா மறுக்கவில்லை. பொதி படை படையாகக் கட்டப்படுவது என்று விளக்கினார். கீழ்ப்படையில் வைத்ததை மேற்படையில் அழித்தால், அது கண்ணுக்கு மறையுமே தவிர கீழே அப்படியே இருக்கும். செய்தும் காட்டினார். படைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைக்க, மூன்று வருடத்துக்கு முன் நான் தட்டிய எழுத்துகள், ஒன்றுகூடக் குறையாமல் வெளியே வந்தன.

வெட்கம் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. முதலில் வந்தது வியப்பு... இத்தனை நாளும் இதற்குமேல் உட்கார்ந்தா வேலை செய்தேன்?

அடுத்தது பயம். எங்களோடு வேலை செய்துவிட்டு வெளிநாடு போனவர்களின் கணக்குகள்கூடக் களஞ்சியத்தில் திறந்தே கிடந்தன. கிளினிக் டொக்டரிடம் தான் பேசவா என்று ஜெசிந்தா கேட்டார். வேண்டாம் என்று நானே போன் எடுத்தேன். பிழை என்னுடையது என்று சொன்னேன். யாரும் பார்த்திருக்கிறார்களா என்று மட்டும் அவர் கேட்டார். தெரியாது, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பாஸ்வேர்டை மாற்றினோம். பழைய கணக்குகளை மூடினோம். பின்னேரம் வரை, யார் எப்போது நுழைந்தார்கள் என்று காட்டும் பதிவேடுகளை வரி வரியாகப் பார்த்தோம். அந்நியர் நுழைந்த தடயம் ஒன்றுமில்லை. டொக்டரிடம் அதைச் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஜெசிந்தா சொன்னார்: "அண்ணை, இனி 'அழிச்சிட்டன்' எண்டு சொல்லாதேங்கோ. 'தேடிப் பாத்தனான், இல்லை' எண்டு சொல்லுங்கோ."

அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் எத்தனை பேருடைய நோய்க்குறிப்புகள் கிடந்தன!