சுகம் தரும் மாத்திரை

என் மேசையில் ஒரு சின்னத் தகர டப்பா இருக்கிறது. தலைவலித் தைலம் வந்த டப்பா. மூடியில் இருந்த எழுத்துகள் எப்போதோ தேய்ந்துவிட்டன. திறந்தால் தைல வாசனை மட்டும் இன்னும் லேசாக வருகிறது. அத்தை இதை நீலகிரியின் கட்டபெட்டு கிராமத்து வீட்டில் மாதா சுரூபத்தின் காலடியில் வைத்திருந்தார். உள்ளே அவருடைய இதய மாத்திரை இருக்கும். இப்போது இருப்பது என்னுடையது. அதே மாத்திரைதான்.

அத்தை என் அப்பாவின் அக்கா. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று துருவுகிறவர்களிடம், "பாக்க வந்தவங்களுக்கெல்லாம் இந்தக் குளிர் ஒத்துக்கலீங்க" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார். அப்பாவும் போன பிறகு எங்கள் குடும்பத்தில் மிச்சம் நாங்கள் இருவர்தான். நான் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் நடத்திக்கொண்டிருந்தேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, மேட்டுப்பாளையம், கோத்தகிரி என்று பஸ் மாறி மலையேறுவேன். "வந்துட்டயா கண்ணு" என்று தொடங்கினால் சாயங்கால பஸ் வரைக்கும் அத்தையின் பேச்சு ஓயாது. கேரட் தோட்டத்தைக் காட்டெருமை மிதித்தது, கோயிலில் பிரசங்கத்தின்போது யார் யார் தூங்கினார்கள் என்பது, எல்லாம் வரும். பேச்சை மாதம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்தார் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

1970களின் கடைசியில் அத்தைக்கு நெஞ்சுவலியும் படபடப்பும் வந்தன. குன்னூர் டாக்டர் ப்ராப்ரனலால் எழுதிக் கொடுத்தார். நான் வகுப்பில் பக்கம் பக்கமாக நடத்துகிற மருந்து. பயமோ கோபமோ மேடேறுவதோ, எதுவானாலும் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. அது இதயத்தில் தனக்கென்று உள்ள ஏற்பிகளில் போய் உட்கார்ந்தால் துடிப்பு வேகமெடுக்கிறது. இந்த மாத்திரை முந்திக்கொண்டு போய் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் வரும் அட்ரினலினுக்கு இடம் கிடைக்காது. டாக்டர் இதையெல்லாம் விளக்கவில்லை. "இது சுகம் தர்ற மாத்திரைங்க டீச்சர், நிம்மதியாத் தூங்குவீங்க" என்றார்.

அத்தை தூங்கினார். அடுத்த முறை நான் போனபோது அவர் சொன்னதை இன்றுவரை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. "காட்டெருமை வாசல்ல வந்து நின்னுது. பயமாத்தான் இருந்துச்சு. ஆனா நெஞ்சு அடிக்கவே மாட்டேங்குது. பக்கத்து ஊட்டுக்காரி பயப்படற மாதிரி இருந்துச்சு கண்ணு."

பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் அந்த வருடமும் சாம்பல் புதனன்று தொடங்கியது. அதற்கடுத்த ஞாயிறன்று நான் போனபோது கதவு சாத்தியிருந்தது. தள்ளித் திறந்தேன். அந்தக் குளிரில் அத்தை வேர்த்துக் கொட்டியபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கை நெஞ்சில். நாடியைப் பிடித்த என் விரலுக்கடியில் அது தாறுமாறாக ஓடியது. சுரூபத்தின் காலடியில் இருந்த டப்பாவைத் திறந்து பார்த்தேன்; போன முறை நான் எண்ணி நிரப்பிவிட்டுப் போனதில் நாலைந்து நாளுக்கான மாத்திரைகள் மீந்து கிடந்தன. பக்கத்து வீட்டுக்காரர் ஜீப்பை எடுத்தார். கோத்தகிரி ஆஸ்பத்திரியில் ஒரு வழியாகப் பிழைத்துக்கொண்டார்.

பல நாள் அழைப்பே வராத இதயம் சும்மா இருப்பதில்லை. கூடுதலாக ஏற்பிகளை உண்டாக்கிக்கொண்டு காத்திருக்கும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், வழக்கமாகச் சுரக்கிற அட்ரினலினையே அதனால் தாங்க முடியாது. இதை நான் வருடந்தோறும் கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போடுகிறவள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"யாரு நிறுத்தச் சொன்னாங்க அத்தை?"

"சாம்பல் புதனன்னைக்கு கோயில்ல சாமியார் சொன்னாரு. உங்களுக்குச் சுகம் தர்றது எதையாவது விடுங்க, அதுதான் ஒறுத்தல்னு. டாக்டர் இதைத்தானே சுகம் தர்ற மாத்திரைன்னாரு?"

"கறியை விடுவாங்க, காப்பியை விடுவாங்க. மருந்தை யாராவது விடுவாங்களா?"

"கறி தின்னு எத்தனையோ காலமாச்சு. சக்கரையை டாக்டரே நிறுத்திட்டாரு. நகையா, சினிமாவா? ஆண்டவருக்குக் குடுக்க என்கிட்ட வேற என்ன சுகம் இருக்குது, நீயே சொல்லு."

சாமியாரே வந்து, மருந்தை விடுவது ஒறுத்தல் ஆகாது என்று எடுத்துச் சொன்னார். அத்தை தலையாட்டினார். அதன்பிறகு ஒரு நாளும் மாத்திரையைத் தவறவிடவில்லை.

மறு வருடம் சாம்பல் புதனுக்கு முந்தைய ஞாயிறு. என்னை வழியனுப்ப பஸ் நிற்கும் இடத்துக்கு வந்திருந்தார். கண்ணுக்கெட்டிய வரை தேயிலைமேல் மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. "மாத்திரையை விடமாட்டேன், பயப்படாதே" என்றார். பிறகு, "பாஸ்கா வரைக்கும் நீ வர வேண்டாம் கண்ணு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன குற்றம் செய்தேன் என்று கேட்டேன். அவர் என் சால்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, "வேற என்ன இருக்குது, நீயே சொல்லு" என்றார். பஸ் வந்துவிட்டது. இரண்டு வளைவு இறங்கிய பிறகுதான் அது ஆஸ்பத்திரியில் கேட்ட அதே கேள்வி என்று உறைத்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு மேட்டுப்பாளையம் வரை அழுதேன்.

மலையேற வேண்டிய ஞாயிறன்று கோயம்புத்தூரில் என் அறையில் துணி துவைத்தேன், விடைத்தாள் திருத்தினேன். எனக்கும் பேச ஆளில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பாஸ்கா அன்று முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். அத்தை ஸ்வெட்டரோடு அங்கேயே நின்றிருந்தார். என் கையைப் பிடித்த அவர் கை கிடுகிடுவென்று நடுங்கியது. "மாத்திரை போட்டீங்களா?" என்றேன். "போட்டேன் கண்ணு. இன்னிக்கு அது கேக்கல" என்றார்.

பிறகு ஒவ்வொரு தவக்காலமும் அப்படித்தான் கழிந்தது. அத்தை போனது ஒரு மழைக்காலத்தில். நான் பக்கத்தில் இருந்தேன். அந்த ஒரு ஆறுதல் எனக்கு உண்டு.

ஓய்வு பெற்ற பிறகு அவருடைய வீட்டுக்கே வந்துவிட்டேன். அவருக்கு வந்த நோய் எனக்கும் வந்தது. இந்த வருடமும் சாம்பல் புதனன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் சிலுவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எதை விடலாம் என்று வெகுநேரம் யோசித்தேன். பிறகு டப்பாவைத் திறந்து மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அதை விடக் கூடாது என்று எனக்குத் தெரியும். பாஸ்கா வரைக்கும் வர வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் எனக்கு ஆள் இல்லை.