ஹவ்வா ராத்தாவின் பன்னிரண்டு கிணறுகள்

போத்தலை நிரப்புகிறார், குலுக்குகிறார், ஊற்றுகிறார். மறுபடி நிரப்பிக் குலுக்கி ஊற்றுகிறார். மூன்றாம் தடவையும் ஊற்றிய பிறகுதான் உண்மையான மாதிரி போத்தலுக்குள் போகிறது. எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறாரோ அந்தத் தண்ணீராலேயே போத்தலைக் கழுவ வேண்டும் என்பது விதி. கண்டக்குழிப் பெண்களுக்கு இது நல்ல பகிடி. "தொழப் போறவ மாதிரி, ராத்தா போத்தலுக்கும் உளூ எடுத்திட்டுத்தான் வேலய தொடங்குவா" என்கிறார்கள். ஹவ்வா ராத்தா சிரிப்பதுமில்லை, கோபிப்பதுமில்லை.

ஐம்பதை நெருங்கும், ஊருக்கே அக்கா முறையான ஹவ்வா, புத்தளத்திலுள்ள ஓர் ஆய்வுகூடத்தின் களப் பணியாளர். கண்டக்குழிக்குப் பக்கத்தில் இறால் பதனிடும் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அதன் கழிவுநீர் ஒரு குட்டையில் விடப்படுகிறது. இந்த மணல் பூமியில் மேலே ஊற்றியது கீழே இறங்க அதிக நாள் எடுக்காது. குட்டையைச் சுற்றியுள்ள பன்னிரண்டு கிணறுகளில் மாதம் ஒரு தடவை தண்ணீர் எடுத்து, அன்றைக்கே ஆய்வுகூடத்தில் சேர்ப்பது அவர் பொறுப்பு. ஊராரும் தொழிற்சாலைக்காரரும் இருக்கும் ஒரு குழு அந்த முடிவுகளைப் பார்க்கும்.

போத்தல்கள் இருக்கும் பெட்டிக்கு ஐஸ், மீன் வாடியிலிருந்து வருகிறது. அதனால் பெட்டியில் எப்போதும் கும்பளா மீன் வாடை. பஸ்ஸில் அந்தப் பெட்டியை இருக்கையில் வைத்துவிட்டு, தான் நின்றுகொண்டு வருவார். ஏசிப் பார்த்த கொண்டக்டர் இப்போது விட்டுவிட்டார். காகிதத்தில் கிணறுகளுக்கு இலக்கம்தான், ஆனால் ராத்தாவின் வாயில் அவை நஸ்ஹாட கிணறு, றிஷ்னாட கிணறு. பன்னிரண்டும் முடியும்வரை எந்த வீட்டிலும் உட்காரமாட்டார். "தேத்தண்ணிக்கு இருந்தா கதைக்கும் இரிக்கோணும். கதைக்கு இருந்தா ஐஸ் உருகிடும்."

தொண்ணூறில் மன்னாரிலிருந்து குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது. முகாமில் எண்பது குடும்பத்துக்கு ஒரே கிணறு. அதைப் பற்றிக் கேட்டால் நீட்டிப் பேசமாட்டார். "தண்ணி எண்டா எனக்குப் பயம். அதுதான் பாத்துப் பாத்து எடுக்கிறன்" என்பதோடு சரி.

போன மார்ச் மாதச் சுற்றில், அவர் வேலையைப் பார்ப்பதற்காக நானும் கூடப் போனேன். ஏழாவது கிணறு, கடலுக்குப் போகும் செய்னுலாப்தீனின் வீட்டில் இருக்கிறது. குட்டைக்கு மிக அருகில் உள்ளது அதுதான். இரண்டு வருடமாக அந்தத் தண்ணீரில் ஒரு நாற்றம், குளிக்கும் பிள்ளைகளுக்குச் சொறி. அதற்கு முந்தைய இரண்டு மாதமும் அதில் அமோனியா வரம்பைத் தாண்டியிருந்தது. மூன்றாம் மாதமும் தாண்டினால் குட்டையை மூடவும் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்கவும் குழு தீர்மானிக்க வேண்டும். ஊரே அந்த ஒரு எண்ணுக்காகக் காத்திருந்தது.

நாங்கள் போனபோது கிணற்றடியில் குளோரின் வாசம் மூக்கைத் துளைத்தது. செய்னுலாப்தீனின் மனைவி றிஷ்னா, முந்தின நாள் முழுக்க நின்று கிணற்றை இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, மருந்துத் தூளும் போட்டிருந்தார். "நாலு பேர் எட்டிப் பாக்கப் போற கிணறு. பாசியோட எப்பிடிக் காட்டுற?" என்றார் பெருமையாக. விருந்தாளி வரும்போது வீட்டைக் கூட்டுவதில்லையா, அது போலத்தான். ஆனால் குளோரின் அமோனியாவைத் தின்றுவிடும். இனி அந்தத் தண்ணீரைச் சோதித்தால் தொழிற்சாலை சுத்தமாகிவிடும்.

விஷயம் விளங்கியதும் செய்னுலாப்தீன் உள்ளே ஓடி ஒரு குடத்தோடு வந்தார்.

"இது முந்தாநாள் அள்ளின தண்ணி, ராத்தா. இதுல எடுங்க. அதே கிணறுதானே."

நானாக இருந்தால் எடுத்திருப்பேன். அவர் சொன்னதும் உண்மைதான்.

"குடத்துத் தண்ணிக்கு நான் சாட்சி இல்ல, செய்னுலாப்தீன் நானா" என்றார் ஹவ்வா. களப் புத்தகத்தை எடுத்து, கிணறு இறைத்து மருந்து போடப்பட்டுள்ளது, மாதிரி எடுக்கவில்லை என்று எழுதினார்.

"அத எழுதாம விடுங்களேன்" என்று றிஷ்னா கெஞ்சினார். "நாங்கதான் கெடுத்தம் எண்டு சொல்லுவானுகள்."

"எழுதாம விட்டா மத்தப் பதினொண்டையும் ஆரு நம்புவா, தங்கச்சி?"

றிஷ்னா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கும் ராத்தா மேல் கோபமாகத்தான் இருந்தது.

அதன் பிறகு அவர் செய்ததைச் செய்யச் சொல்லி ஆய்வுகூடம் கேட்கவில்லை. மருந்து சீக்கிரம் போகட்டும் என்று தண்ணீரை வழமைபோல் அள்ளிப் பாவிக்கும்படி சொல்லிவிட்டு, விடுமுறை நாட்களில் தனியாக பஸ் ஏறி வந்து, அந்தக் கிணற்றில் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் திரும்பினார். முதல் இரண்டு தடவை றிஷ்னா வெளியே வரவேயில்லை. ஐந்தாம் தடவைதான் குளோரின் அறவே இல்லை. அன்று மாதிரி எடுத்தார். அமோனியா வரம்பைத் தாண்டியிருந்தது.

குழு பிரதேச சபையில் கூடியது. தொழிற்சாலை முகாமையாளர் முடிவுகளைப் புரட்டிவிட்டு, ஏழாம் கிணற்றில் மட்டும் ஏன் பிந்தி எடுக்கப்பட்டது, இடையில் அதில் யாராவது கை வைத்தார்களா என்று கேட்டார். பின்வரிசையில் இருந்த றிஷ்னா முக்காட்டை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

ஹவ்வா ராத்தா எழுந்து போய், களப் புத்தகத்தை விரித்து முகாமையாளர் பக்கமாகத் திருப்பி வைத்தார். மருந்து போட்டது முதல் வரியில் இருந்தது. அதன் கீழே, ஒன்றன்பின் ஒன்றாக, ஐந்து திகதிகள், பக்கத்தில் அன்றன்றைய குளோரின் அளவு. முதல் வரியில் விரலை வைத்தார். முகாமையாளர் வாசிக்க வாசிக்க விரலைத் திகதி திகதியாகக் கீழே இறக்கிக்கொண்டு போனார்.