விசாரணை எங்கள் வீட்டு நாற்காலியில்

தண்ணீர் லாரி வரிசையில் நடந்த அடிதடியை நான் பார்த்திருந்தேன். மறுநாள் எங்கள் திருவொற்றியூர் வீட்டுக்கு ஒரு கான்ஸ்டபிள் வந்தார். "சாட்சி சொல்லணும், ஸ்டேஷனுக்கு வாம்மா."

கணவர் துறைமுக வேலைக்குப் போயிருந்தார். கடல் காற்றில் தகரக் கதவு நடுங்கியது. நான் பதறியடித்துச் செருப்பைத் தேடினேன்.

"இன்னாக்கா, கெளம்பிட்ட?" பக்கத்து வீட்டு மேரி ஓடி வந்தாள். "பொம்பளைய சாட்சி கேக்கணும்னா அவுங்கதான் வூட்டுக்கு வரணும். சட்டமே கீது."

"நீ இன்னா வக்கீலா?" என்றார் கான்ஸ்டபிள்.

"முன்ன எனக்கு ஒரு கேசு இருந்துச்சு, அப்ப என் வக்கீல் சொன்னது சார். எஸ்.ஐ.யவே கேட்டுப் பாருங்க."

முறைத்துவிட்டுப் போனார். மாலையில் எஸ்.ஐ.யே வந்து, எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கரைக்கு வந்த அலைபோல என் மூச்சு தணிந்தது.

அதே வழக்குக்காக இன்னொரு முறையும் கூப்பிட வந்தார்கள். நான் செருப்பைத் தேடவில்லை. நாற்காலியை எடுத்துப் போட்டேன்.