கடல் முள்ளெலிக்காக இறங்கிய பள்ளம்

1935-ஆம் ஆண்டு, யுவ வருஷம் சித்திரை மாதம், பெரிய வெள்ளிக்கிழமை. முந்தின நாள் சித்திரா பௌர்ணமி. ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, திதி மூன்றையும் தினம் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அன்றைக்கும் குறித்திருந்தேன். ஆனால் பௌர்ணமி என்றால் கடலில் என்ன நடக்கும் என்பதைத்தான் யோசிக்கவில்லை. மலாயாவில் மூவாருக்குத் தெற்கே, கடலோரத் தென்னந்தோட்டம் ஒன்றில், அந்த மறதி என் உயிரைக் கொண்டுபோகப் பார்த்தது.

நான் அப்போது சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆபீஸ் கணக்கு முடிந்தால் புத்தகம், புத்தகம் முடிந்தால் கல். கல் என்றால் சாதாரணக் கல் இல்லை. கடல் முள்ளெலி என்று ஓர் உயிர் உண்டு. முள்ளெல்லாம் உதிர்ந்தபின் எலுமிச்சம்பழம் போல ஓடு மட்டும் மிஞ்சும். அதன் மேல் ஐந்து இதழ்ப் பூ ஒன்றை ஊசியால் குத்தி வரைந்தது போல இருக்கும். சேற்றில் புதைந்து, உள்ளே களிமண் இறுகி, கல்லாகிப்போன அந்த ஓடுகளைத்தான் நான் சேர்த்துவந்தேன்.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஜொகூரில் எனக்குத் தெரிந்து மூன்று பேர். நான், மூவார் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸராக இருந்த ஒரு கத்தோலிக்க நண்பர், அதே ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கே. எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவருக்குப் புது வகை ஒன்று கிடைத்தால், மற்ற இருவருக்கும் ஆளுக்கொன்று கிடைக்கும்வரை அதை யாரும் அலமாரியில் வைக்கக்கூடாது.

அந்தத் தென்னந்தோட்டத்தில் தண்ணீர் வடிய ஒரு பெரிய பாரிட் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை ஆள் ஆழம் இருக்கும். அடியில் வந்த நீலச் சேற்றுக் களிமண்ணில் பழைய காலத்துச் சிப்பியும் முள்ளெலியும் கிடப்பதாக டிரஸ்ஸர் தகவல் அனுப்பினார். வெள்ளிக்கிழமை ஜொகூரில் விடுமுறை, வெட்டுகிறவர்கள் வரமாட்டார்கள், யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று நாங்களே அந்த நாளைத் தேர்ந்தெடுத்தோம். முந்தின இரவே நான் மூவாருக்கு வந்து டிரஸ்ஸர் வீட்டில் தங்கினேன்; விடிந்ததும் இருவரும் சைக்கிளில் போய்விட்டோம்.

"இன்னிக்குப் பார்த்தா மண்ணத் தோண்டப் போவீங்களான்னு வீட்டுக்காரி கத்துறா" என்றார் டிரஸ்ஸர். "மூணு மணிக்குக் கோயில்ல நிக்கணும், கிராணி. லேட்டானா ஆண்டவர் மன்னிப்பாரு, அவ மன்னிக்க மாட்டா."

கடல் பக்கம் மதகு இன்னும் வைக்கவில்லை. மண்ணை வெட்டிப் போட்டு ஒரு கரை மட்டும் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டு முள்ளெலிகள் சீக்கிரமே கிடைத்துவிட்டன. ஓட்டில் ஒரு கீறல் கிடையாது. இருவரும் மேலே ஏறி, சிகரெட் டின்னில் பஞ்சு வைத்து மூடினோம். தவுக்கேயுடையது மட்டும் பாக்கி. "இன்னொரு வெள்ளிக்கிழமை வரலாம்லா" என்றார் டிரஸ்ஸர். நான் கேட்கவில்லை. திரும்ப இறங்கி, பாரிட்டின் பக்கச் சுவரின் அடியை ஓர் உளியால் குடைய ஆரம்பித்தேன்.

பெரிய சத்தம் எதுவும் இல்லை. ஈர மூட்டையைத் தரையில் போட்டது போல ஒரு 'தொப்'. அவ்வளவுதான். பார்த்தால் இடுப்புவரை சரிந்த களிமண்ணுக்குள் நின்றுகொண்டிருந்தேன். வலி இல்லை. இரண்டு கால்களும் எங்கே இருக்கின்றன என்று மட்டும் தெரியவில்லை.

டிரஸ்ஸர் மேலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அலமாக்! கிராணியாரத் தென்னங்கன்னு மாதிரி நட்டுட்டாங்களே!"

நானும் சிரித்தேன். அவர் இறங்கி வந்து என் அக்குளில் கைகொடுத்து இழுத்தபோது சிரிப்பு நின்றது. இடுப்பு மூட்டு கழன்று வருவது போல் இருந்தது. கால் அசையவே இல்லை. மண்வெட்டியால் சுற்றி வெட்டினார். வெட்ட வெட்ட மேலிருந்து மண் வழிந்து குழியை நிரப்பியது. நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு நேர் மேலே, சுவரின் உச்சியில், ஒரு விரிசல் ஓடியிருந்தது.

அப்போதுதான் கடல் பக்கத்திலிருந்து தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்டது.

மண்கரையின் மேல் தண்ணீர் மெல்லிசாக வழிந்து வந்துகொண்டிருந்தது. முதலில் ஒரு நாக்கு போல. பிறகு பாரிட்டின் முழு அகலத்துக்கும். பௌர்ணமிக்கு மறுநாள் கடல் எப்போதும் வரும் அளவைத் தாண்டி ஏறும் என்பது எனக்குத் தெரியாததல்ல. படித்திருக்கிறேன். நிலா எப்படிக் கடலை இழுக்கிறது என்று பிறருக்கு விளக்கியும் இருக்கிறேன்.

"நான் போயி யாரையாச்சும் கூட்டிட்டு வரேன்" என்றார் அவர்.

"போகாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. "தனியா விட்டுட்டுப் போகாதீங்க, டிரஸ்ஸர்."

"தனியா என்னால முடியலியே. பக்கத்து மலாய்க் கம்பத்துல வீடுங்க இருக்கு, ஆள் இருப்பாங்க. இதோ வந்துடறேன்."

படி வெட்டிய தென்னந்தண்டில் ஏறி ஓடினார். சைக்கிள் மணி ஒருமுறை தானாகக் குலுங்கியது. பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

அவர் போயிருந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. கடிகாரம் மேலே சட்டைப் பையில் இருந்தது. பழுப்புத் தண்ணீர் நுரையோடும் தென்னம் பாளைகளோடும் வந்து வயிற்றைத் தொட்டது. சூடாகத்தான் இருந்தது, ஆனால் என் பற்கள் அடித்துக்கொண்டன. மூவார் ஆற்று முதலைகள் கரையோரமாகவே அலையும் என்று சொல்வார்கள். மிதந்து வந்த ஒவ்வொரு கட்டையையும் நான் வாயுள்ளதாகவே பார்த்தேன். கத்தினேன். கத்தினால் விரிசல் பெரிதாகிவிடுமோ என்று நிறுத்திக்கொண்டேன். என் மனைவியையோ பிள்ளைகளையோ நினைக்கவில்லை என்பதை உள்ளபடி எழுதுகிறேன். தண்ணீரின் உயரத்தை மட்டுமே நினைத்தேன்.

பார்வையை அதிலிருந்து திருப்ப முடிந்த ஒரே இடம், முகத்துக்கு எதிரே இருந்த சுவர். மண் சரிந்ததால் அது புதிதாக வெட்டிய அல்வாத் துண்டு போல வழவழவென்று நின்றது. அதில் ஒரு வரிசை நெடுகிலும் சிப்பிகள். எல்லாம் இரண்டு ஓடுகளும் மூடியபடி. சிப்பி செத்தால் ஓடு திறந்துகொள்ளும். மூடியபடி கிடந்தால் உயிரோடு இருக்கும்போதே மண் மூடிவிட்டது என்று பொருள். இதை ஒரு புத்தகத்தில் படித்து, பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். அவற்றுக்கு நடுவே ஒரு முள்ளெலியின் பூவும் தெரிந்தது. நாங்கள் தேடிய மூன்றாவது. கையை நீட்டினால் எட்டும். நான் நீட்டவில்லை. அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

தண்ணீர் நெஞ்சுக்கு வந்தபோது டிரஸ்ஸர் தனியாகத் திரும்பி வந்தார். கம்பத்தில் ஆண்கள் யாரும் அகப்படவில்லையாம். மீன் சந்தைக்குப் போயிருந்தார்களாம். கையில் ஒரு மூங்கில் கழி மட்டும் இருந்தது. விரிசலைப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார். இறங்கினார்.

"இழுங்க" என்றேன்.

"வாய மூடுடா" என்றார். அதற்குமுன் அவர் என்னை டா போட்டதில்லை. "இழுத்தா வராது. புண்ணுல கட்டு காஞ்சி ஒட்டிக்கிட்டா நாங்க இழுக்கவா செய்வோம்? தண்ணி விட்டு ஊற வைப்போம். மேல இவ்ளோ தண்ணி நிக்குது, உள்ள ஒரு சொட்டுகூட எறங்கல."

கழியை என் தொடையை ஒட்டிக் களிமண்ணுக்குள் குத்தினார். ஆட்டினார். பிடுங்கினார். அந்தத் துளையில் தண்ணீர் 'களக்' என்று இறங்கியது. பக்கத்தில் இன்னொரு துளை. சுற்றிச் சுற்றிக் குத்தினார். பிறகு மூச்சடக்கி முங்கி, கையை அந்தத் துளைகளுக்குள் விட்டுப் பிசைந்தார். நான் எந்தத் தண்ணீருக்குப் பயந்து செத்துக்கொண்டிருந்தேனோ அதையே அவர் என் கால்வரை கூட்டிக்கொண்டு போனார். முங்கி எழும்போதெல்லாம் மேலே விரிசலை ஒரு பார்வை பார்ப்பார், மறுபடி முங்குவார். தண்ணீர் என் கழுத்துக்கு வந்தது.

"விரல ஆட்டு."

ஆடியது. பெருவிரல் ஆடியதை உணர்ந்தபோது நான் விம்மி அழுதேன்.

"அழுவுறத மேல போயி அழுவு. குதிகால மொதல்ல தூக்கு, மெதுவா. மெதுவாடா!"

வலது கால் வந்தது. இடது கால் சப்பாத்தை விட்டுவிட்டு வந்தது. தண்டில் அவர் என்னைத் தோளால் முட்டி முட்டி ஏற்றினார். இருவரும் புல்லில் குப்புறக் கிடந்தோம். எனக்குப் பின்னால் அந்தச் சுவர் சரிந்து தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

"உங்க சப்பாத்து அங்கேயே கெடக்கட்டும், கிராணி. பின்னால ஒருத்தன் தோண்டியெடுத்து, என்ன பிராணியா இருக்கும்னு மண்டையப் பிச்சிக்குவான்."

மறுபடியும் 'நீங்க' ஆகிவிட்டது. அப்போதுதான் பிழைத்துவிட்டோம் என்று நம்பினேன்.

என் பங்கு முள்ளெலியை அன்றே தவுக்கேயிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சந்தேக், சந்தேக்" என்று ரசித்தார். அழகுதான், மறுக்கவில்லை. மூன்று மணிக்கு டிரஸ்ஸர் கோயிலில் இருந்தார். நான் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து என் கால்விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

சேகரிப்பதை நான் விடவில்லை. இன்றும் யாராவது ஆர்வமாக வந்து கேட்டால் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் இரண்டு கைகளாலும்தான் கொடுக்கிறேன், ஏனென்றால் அது ஒரு காலத்தில், மண் மூடியபோது, மூங்கில் கழியோடு இறங்கிவர யாருமில்லாமல் போன ஓர் உயிர் என்பது எனக்குத் தெரியும்.